சுத்தியலுக்குச் சொந்தக்காரர் இல்லை. அதன் கம்ப்யூட்டர் மாடலுக்கு உண்டு!

மைசூர்:

ஆயுத பூஜை வந்து விட்டால் மைசூரில் சுத்தியலுக்கும் ஸ்பானருக்கும் கூட ராஜ மரியாதைதான். அரண்மனையில் பட்டத்துக் கத்திக்குப் பூஜை நடக்கும் அதே நாளில், அசோகபுரம் ரயில்வே பட்டறையிலிருந்து சந்துக்குள் இருக்கும் தச்சுக் கொட்டகை வரை, எண்ணெய்ப் பிசுக்குத் துடைக்கப்பட்டு, சந்தனம் குங்குமம் வைத்துக் கொண்டு கருவிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வருஷம் முழுவதும் அடி வாங்கும் கொட்டாப்புளிக்கு அன்று ஒரு நாள் லீவு.

இந்தக் கருவிகளுக்கு இப்போது இன்னொரு பிறவியும் வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் திரைக்குள் சுத்தியல், திரைக்குள் ரம்பம், திரைக்குள் இழைப்புளி. சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம், பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ அச்சாக எடுக்கலாம். இதற்கு முப்பரிமாண மாடல், சுருக்கமாக 'த்ரீ-டி மாடல்' என்று பெயர்.

'இது என்ன விளையாட்டுச் சாமானா?' என்று கேட்க வேண்டாம். இதில் பிழைப்பு இருக்கிறது. தொழிற்சாலைகளில் எந்தக் கருவி எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று உருவம் வெட்டி வைத்த பலகை மாட்டுகிறார்கள். சாயங்காலம் ஒரு பள்ளம் காலியாக இருந்தால் ஒரு ஸ்பானர் காணோம் என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்த தொழிலாளிக்குப் பாதுகாப்புப் பாடம் சொல்லும் படம், கருவி விற்கும் கடைக்கு விளம்பரம், சி.என்.சி. மிஷினில் மரத்தில் செதுக்கும் கேடயம், ஓய்வு பெறும் ஃபிட்டருக்கு நினைவுப் பரிசு என்று எல்லாவற்றுக்கும் இந்த மாடல்கள் தேவைப்படுகின்றன. ஹெப்பாள், கூர்கள்ளி, நஞ்சன்கூடு தொழிற்பேட்டைகள் இருக்கும் ஊரில் இந்த வேலைக்கு இடம் இல்லாமல் போகாது. அப்பா பட்டறையில் அரம் பிடித்தார், பையன் மவுஸ் பிடிக்கிறான் என்ற நிலை நம்மவர் வீடுகளிலும் வந்து விட்டது.

இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்தவர்கள் உலகம் முழுவதும் உண்டு.

<b>ஆர்டர் கைக்கு வந்தது, காகிதம் கேட்டார்கள்</b>

இப்படி ஒரு நிலைமையை நினைத்துப் பாருங்கள். கடன் வாங்கிக் கம்ப்யூட்டர் வாங்கிய ஒரு இளைஞன். ஒரு கம்பெனியிலிருந்து ஆர்டர் வருகிறது: ஆயுத பூஜைக்கு நூறு கேடயம், அதில் சுத்தியலும் ஸ்பானரும் குறுக்காக. பையன் இணையத்தில் தேடுகிறான். 'ஃப்ரீ டவுன்லோடு' என்று அழகான சுத்தியல் கிடைக்கிறது. இரண்டு ராத்திரி கண் விழித்து வேலை முடிக்கிறான். பில் கொடுக்கும்போது கம்பெனி ஒரு காகிதத்தை நீட்டுகிறது. 'இந்த வேலையில் பயன்படுத்திய எல்லாவற்றுக்கும் வியாபார உரிமை என்னிடம் இருக்கிறது, ஏதாவது வழக்கு வந்தால் நானே பொறுப்பு' என்று கையெழுத்துப் போடச் சொல்கிறது. பெரிய கம்பெனிகளில் இது சகஜமான நடைமுறை.

அப்போதுதான் பையன் டவுன்லோடு செய்த பக்கத்தைத் திரும்பிப் பார்க்கிறான். சுத்தியலுக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு வார்த்தை: 'நான் கமர்ஷியல்'. வியாபாரத்துக்கு அல்ல!

'ஃப்ரீ' என்ற ஆங்கில வார்த்தைக்குக் காசு இல்லை என்றும் அர்த்தம், தடை இல்லை என்றும் அர்த்தம். மாடல் விஷயத்தில் பெரும்பாலும் முதல் அர்த்தம்தான். வீட்டில் வைத்துப் பார்க்கலாம், பழகலாம், பள்ளிக்கூடப் பிராஜெக்ட்டுக்குக் காட்டலாம். விற்கக் கூடாது.

<b>சுத்தியல் பொது, ஃபைல் தனி</b>

'சுத்தியல் என்ன ஒருவர் அப்பன் வீட்டுச் சொத்தா?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். சுத்தியலும் உளியும் யாருக்கும் சொந்தமல்ல. நாம் அட்ஜஸ்டபிள் ஸ்பானர் என்று சொல்வதற்கு ஸ்வீடன்காரர் ஜோஹன் பெட்டர் ஜோஹன்சன் 1890-களில் பேட்டன்ட் வாங்கினார். பிளஸ் தலை ஸ்குருவுக்கு அமெரிக்கர் ஹென்றி பிலிப்ஸ் 1936-ல் வாங்கினார். அந்தக் காலக்கெடு எல்லாம் முடிந்து எத்தனையோ காலம் ஆகி விட்டது. இன்று எவரும் செய்யலாம், விற்கலாம்.

நம் ஊர் உதாரணமே ஒன்று உண்டு. மைசூர் ரோஸ்வுட் இன்லே வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வேறு ஊரில் செய்த சாமானை அந்தப் பெயரில் விற்க முடியாது. ஆனால் அதைச் செய்யும் உளிக்கும் ரம்பத்துக்கும் எவரும் உரிமை கொண்டாட முடியாது.

அப்படியானால் எதற்கு உரிமை? ஒருவர் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைந்த அந்த ஃபைலுக்கு. மரத்தின் ரேகை, பிடியில் தேய்ந்த இடம், இரும்பில் துரு என்று அவர் தன் கற்பனையைக் கலந்து செய்தால் அது ஒரு ஓவியம் போல. 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி ஓவியத்துக்கும் வரைபடத்துக்கும் உரிமை உண்டு. எழுதியவர், வரைந்தவர் ஆயுள் முழுவதும். அதற்குப் பிறகு 60 வருஷம். இதை மீறி வியாபாரம் செய்தால் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 63-வது பிரிவு சொல்கிறது. தெரியாமல் செய்தேன் என்று நிரூபித்தால் நஷ்டஈடு கேட்பதிலிருந்து தப்பலாம். ஆனால் மேற்கொண்டு விற்கத் தடை வரும், சம்பாதித்த லாபத்தைக் கொடுக்கச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

<b>டொயோட்டா காரும் கோர்ட்டும்</b>

இதில் சுவையான ஒரு வழக்கு அமெரிக்காவில் நடந்தது. டொயோட்டா கம்பெனியின் விளம்பரத்துக்காக 'மெஷ்வொர்க்ஸ்' என்ற சின்ன நிறுவனம் கார்களை அங்குலம் அங்குலமாக அளந்து கம்ப்யூட்டர் மாடல் செய்து கொடுத்தது. காரின் மேல் டேப் ஒட்டிக் கட்டம் போட்டு, அளவு எடுத்து, பிறகு கையால் திருத்தி, ஒரு காருக்கு 80 முதல் 100 மணி நேரம் உழைத்தார்கள். ஒரு விளம்பரத்துக்குத்தான் கொடுத்தோம், பல விளம்பரங்களுக்குப் பயன்படுத்தி விட்டார்கள் என்று வழக்குப் போட்டார்கள்.

2008-ல் மேல்முறையீட்டுக் கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? காரை உள்ளது உள்ளபடி நகல் எடுத்திருக்கிறீர்கள்; உங்கள் சொந்தக் கற்பனை ஒன்றும் அதில் இல்லை; ஆகவே அந்த மாடலுக்குக் காப்புரிமை இல்லை! தீர்ப்பு எழுதியவர் நீல் கோர்சச். 2017-ல் அவர் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் நீதிபதியானார்.

நம் சுப்ரீம் கோர்ட்டும் 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் ஏறக்குறைய இதே வழியில்தான் போனது. வெறும் உழைப்பும் செலவும் மட்டும் போதாது, கொஞ்சமாவது சொந்த அறிவும் தேர்வும் இருக்க வேண்டும் என்று சொன்னது. அது தீர்ப்புத் தொகுப்புப் புத்தகங்கள் பற்றிய வழக்கு, கருவி மாடல் பற்றியது அல்ல.

'ஆஹா, அப்படியானால் சாதாரண சுத்தியல் மாடலை எடுத்து விற்கலாமே!' என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். டவுன்லோடு செய்யும்போது 'சம்மதம்' என்று ஒரு பொத்தானை அமுக்குகிறோமே, அது ஒப்பந்தம். காப்புரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். மேலும் எந்த மாடலில் கற்பனை எவ்வளவு கலந்திருக்கிறது என்று முடிவு செய்வது கோர்ட். கோர்ட் வரை போகிற வசதி டொயோட்டாவுக்கு உண்டு. வாடகைக் கடையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு வாய்தாவுக்குப் போய் வரும் பஸ் செலவே பாரம்.

அந்தத் தீர்ப்பில் நமக்குப் பயன்படுகிற சங்கதி வேறொன்று இருக்கிறது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

<b>பொடி எழுத்தைப் படிக்கும் விதம்</b>

இணையத்தில் மாடல் போடுகிறவர்களில் பலர் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்ற உரிமத்தைப் பயன்படுத்துகிறார்கள். 2001-ல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு. முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன. ரயில்வே பாஸில் எழுத்தைப் பார்த்தே எந்த வகுப்பு, யார் யார் போகலாம் என்று சொல்லி விடுகிறோம் அல்லவா? அதே மாதிரி இதிலும் எழுத்துகள்தான்.

'பி.ஒய்.' என்றால் செய்தவர் பெயரைப் போட வேண்டும். பெயரைப் போட்டு விட்டால் வியாபாரம் செய்யலாம், மாற்றலாம். டிசைன் வேலைக்கு இது நல்ல உரிமம். பெயர், மாடலின் தலைப்பு, எந்த உரிமம், எங்கே கிடைத்தது, மாற்றம் செய்திருந்தால் அந்த விவரம், இவ்வளவும் போட வேண்டும். கேடயத்தின் முகத்திலேயே போட வேண்டியதில்லை. பின்பக்கமோ, கூட வரும் சீட்டோ போதும்.

'என்.சி.' என்று இருந்தால் வியாபாரத்துக்கு ஆகாது. அத்துடன் விட்டு விடவும். மனசு கேட்கவில்லை என்றால் செய்தவருக்கே எழுதி, தனியாக அனுமதி கேட்கலாம். பலர் சொற்பத் தொகைக்குச் சம்மதிப்பார்கள். சிலர் சும்மாவே கொடுப்பார்கள். அந்தப் பதிலை அச்செடுத்து வைத்துக் கொள்வது அவசியம்.

'என்.டி.' என்றால் மாற்றி வெளியிடக் கூடாது. சுத்தியலோடு ஸ்பானரைச் சேர்த்து ஒட்டுவது கூட மாற்றம்தான். ஆகவே டிசைன் வேலைக்கு உதவாது. 'எஸ்.ஏ.' என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வியாபாரம் செய்யலாம், ஆனால் அதை மாற்றிச் செய்ததைப் பிறருக்குக் கொடுத்தால் அதையும் அதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும். 'எங்கள் கம்பெனிக்கு மட்டும்' என்று டிசைன் கேட்ட வாடிக்கையாளருக்கு இதைக் கொடுத்தால் தலைவலி.

எல்லாவற்றிலும் சுலபமானது 'சி.சி. ஜீரோ'. 2009-ல் வந்தது. செய்தவர் தம் உரிமையை எல்லாம் விட்டுக் கொடுத்து விட்டார் என்று பொருள். பெயர் கூடப் போட வேண்டியதில்லை, போட்டால் மரியாதை. நம் நாட்டுச் சட்டத்திலும் பொது அறிவிப்பு மூலம் உரிமையை விட்டுக் கொடுக்க 21-வது பிரிவில் இடம் இருக்கிறது. 2012-ல் செய்த திருத்தம் அதைச் சுலபமாக்கியது.

2016-ல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் செய்த காரியம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். மாடல் பகிரும் தளத்திலிருந்து ஏராளமான மாடல்களை எடுத்து, அச்சிட்டு, ஏல விற்பனைத் தளத்தில் விற்பனைக்குப் போட்டு விட்டது. அவற்றில் 'என்.சி.' போட்டிருந்தவையும் இருந்தன. செய்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், விளம்பரங்கள் எடுக்கப்பட்டன.

<b>எங்கே தேடலாம்?</b>

சி.சி. ஜீரோ என்று உறுதியாகச் சொல்லக் கூடிய இடங்கள் உண்டு. 'பாலி ஹேவன்' என்ற தளத்தில் உள்ள மாடல்கள் எல்லாமே அந்த உரிமத்தில்தான். எண்ணிக்கை குறைவு, தரம் உயர்வு. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் மியூசியம் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களையும் மாடல்களையும் இதே உரிமத்தில் திறந்து விட்டது. இவற்றில் நீங்கள் தேடும் அதே குறடு இல்லாமல் போகலாம். அப்போது பெரிய தளங்களுக்குப் போய், தேடும் கட்டத்தில் உரிமத்தையும் சேர்த்து வடிகட்ட வேண்டும். முதலில் உரிமம், பிறகு அழகு. அழகைப் பார்த்து மயங்கிய பிறகு உரிமத்தைப் படித்தால் மனசு வேறு மாதிரி படிக்கும்!

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும் மாடல்களை வைத்திருக்கிறது. அதில் நம் விஷயத்துக்கு நேரான ஒரு கதை உண்டு. 2014 டிசம்பரில் விண்வெளி நிலையத்திலிருந்த வீரர் புச் வில்மோருக்காக ஒரு ராட்செட் ஸ்பானர் பூமியில் டிசைன் செய்யப்பட்டது. ஸ்பானரை அனுப்பவில்லை, ஃபைலை அனுப்பினார்கள். அங்கிருந்த பிரிண்டர் 104 அடுக்குகளாகப் பிளாஸ்டிக்கைப் படியவைத்து 4 மணி நேரத்தில் ஸ்பானரைச் செய்து முடித்தது. 2024 ஜூனில் சுனிதா வில்லியம்சுடன் போய், எட்டு நாளில் திரும்ப வேண்டியவர் 2025 மார்ச் வரை மாட்டிக் கொண்டாரே, அதே வில்மோர்தான். அந்த ஸ்பானர் ஃபைலை நாசா எல்லாருக்குமாக வெளியிட்டது. அமெரிக்க அரசு ஊழியர்கள் செய்வதற்கு அந்த நாட்டில் காப்புரிமை இல்லை என்பது பொது விதி. ஆனால் நாசாவின் சின்னத்தை ஒட்டி விற்கக் கூடாது. வெளிக் கம்பெனி செய்து கொடுத்த மாடலானால் பக்கத்தில் உள்ள குறிப்பையும் படித்து விட வேண்டும்.

காசு கொடுத்து வாங்குவதும் ஒரு வழி. 2000-ல் தொடங்கிய 'டர்போஸ்குவிட்' போன்ற சந்தைகள் இருக்கின்றன. காசு கொடுத்தால் எல்லாம் செய்யலாம் என்று நினைப்பது தவறு. 'எடிட்டோரியல்' என்று குறித்திருந்தால் செய்தி, கட்டுரைக்குத்தான். விளம்பரத்துக்கோ விற்பனைப் பொருளுக்கோ ஆகாது. கம்பெனிப் பெயரும் முத்திரையும் பொறித்த டிரில் மிஷின், ஸ்பானர் செட் மாதிரியானவற்றில் இது அதிகம். காரணம் டிரேட் மார்க். மாடல் செய்தவர் தம் உரிமையைக் கொடுக்கலாம். கம்பெனிப் பெயரைக் கொடுக்க அவர் யார்? பெயர் இல்லாத மொட்டை சுத்தியலே நல்லது.

வாங்கும் உரிமத்தில் இன்னொரு சங்கதி. படத்திலோ விளம்பரத்திலோ சேர்க்கலாம் என்பார்கள்; அந்த ஃபைலை அப்படியே இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பார்கள். வாடிக்கையாளர் 'டிசைனோடு ஃபைலையும் கொடு' என்று கேட்பது வழக்கம். அச்சிட்டு விற்கும் பொருளுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று சொல்லும் இடங்களும் உண்டு. வாங்குவதற்கு முன்பே கேட்டுத் தெளிந்து கொண்டால் கைக்காசு மிஞ்சும்.

போட்டவரே திருடியவராக இருந்தால்? அதுவும் நடக்கிறது. ஒருவர் கணக்கில் இருபது மாடல், இருபதும் இருபது விதமான கைவரிசை, செய்யும் வழியில் எடுத்த படம் ஒன்று கூட இல்லை என்றால் ஒதுங்கிப் போவதே புத்திசாலித்தனம். எழுத்தில் சொன்னால் மாடல் செய்து தரும் செயற்கை அறிவுச் சேவைகளும் வந்து விட்டன. அங்கேயும் இலவசத் திட்டத்துக்கு ஒரு நிபந்தனை, காசுத் திட்டத்துக்கு ஒரு நிபந்தனை என்று பொடி எழுத்து தொடர்கிறது.

<b>சாஃப்ட்வேரிலும் கண்ணி</b>

மாடல் சுத்தமாக இருந்து, அதைத் திறக்கும் சாஃப்ட்வேர் அசுத்தமாக இருந்தால்? 'ஃப்யூஷன்' சாஃப்ட்வேரின் தனிநபர் இலவசப் பதிப்பும், 'ஸ்கெட்ச்அப்' இலவசப் பதிப்பும் வியாபாரத்துக்கு அல்ல. 'கிராக்' செய்த சாஃப்ட்வேர் என்றால் சட்டத்தில் 63-பி என்று தனிப் பிரிவே காத்திருக்கிறது; குறைந்தது 7 நாள், அதிகம் 3 வருஷம் சிறை.

பயப்பட வேண்டாம். 'பிளெண்டர்', 'ஃப்ரீகேட்' இரண்டும் காசும் இல்லை, தடையும் இல்லை. செய்த வேலை செய்தவருக்கே சொந்தம், விற்கலாம். ஃப்ரீகேட் பல வருஷம் தவழ்ந்து 2024 நவம்பரில்தான் 1.0 என்ற முழுப் பதிப்பை எட்டியது. ஃபிட்டர் டிராயிங் படித்தவர்களுக்கு அது சீக்கிரம் பிடிபடும்.

ஃபைல் வகையிலும் கவனம் தேவை. 'எஸ்.டி.எல்.' என்பது அச்சுக்கும் செதுக்கலுக்கும். அதில் மில்லிமீட்டரா அங்குலமா என்ற குறிப்பே கிடையாது! அங்குலத்தில் செய்த சுத்தியலை மில்லிமீட்டரில் திறந்தால் 25.4-ல் ஒரு பங்காகச் சுருங்கி, ஊசி மாதிரி நிற்கும். துல்லியமான அளவு வேண்டுமானால் 'ஸ்டெப்' ஃபைல். பலகையில் உருவம் வெட்டுவதற்கு முப்பரிமாணமே வேண்டாம். சுற்றளவுக் கோடு போதும். கருவியைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து, ஸ்கேலோடு சேர்த்து ஸ்கேன் எடுத்தால் வேலை முடிந்தது. இதற்குப் போய் உரிமம் தேடிக் கண் கெடுத்துக் கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

<b>அப்பாவின் பெட்டியைத் திறந்தால் என்ன?</b>

டொயோட்டா தீர்ப்பில் நமக்குப் பயன்படும் சங்கதி இதுதான். பழைய, பொதுவான கருவியை நேரில் அளந்து நாமே மாடல் செய்தால் யாரும் நம்மைத் தடுக்க முடியாது. உலகத்தில் வேறு எத்தனை பேர் அதே சுத்தியலை அளந்து வைத்திருந்தாலும் சரி. தடை இருப்பது அவர்களுடைய ஃபைலை நகல் எடுப்பதற்குத்தான். சுத்தியலை அளப்பதற்கு அல்ல.

ஒரு வெர்னியர், ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு மூலைமட்டம். பட்டறையில் வேலை பார்த்தவர் வீட்டில் இவை இல்லாமல் இருக்காது. பையனுக்குச் சாஃப்ட்வேர் தெரியும். அளவு எடுக்கத் தெரியாது. அப்பாவுக்கு அளவு எடுக்கத் தெரியும். மவுஸ் பிடிக்கத் தெரியாது. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஒரு நாளில் சுத்தியல், உளி, அரம் மூன்றும் தேறி விடும். "இதென்னப்பா, பிடி நடுவில் பெருத்து இருக்கு?" என்று பையன் கேட்பான். அடிக்கும்போது கை வழுக்காமல் இருக்கத்தான் என்று அப்பா சொல்வார். அந்தச் சின்ன விஷயம் தெரியாமல் வெளிநாட்டில் செய்த எத்தனையோ மாடல்களில் பிடி உலக்கை மாதிரி நேராக இருக்கிறது!

செல்போனால் சுற்றிலும் ஐம்பது, நூறு படம் எடுத்து, 'மெஷ்ரூம்' என்ற இலவச சாஃப்ட்வேரில் கொடுத்தும் மாடல் எடுக்கலாம். பளபளக்கும் இரும்பு இதற்கு எதிரி. வெளிச்சம் தெறித்து உருவம் குழம்பி விடும். கொஞ்சம் முகப் பவுடரை மெல்லத் தூவினால் அடங்கும். பவுடர் போட்ட ஸ்பானரைப் பார்த்து வீட்டில் சிரித்தால் சிரித்து விட்டுப் போகட்டும்.

பழங்காலத்துக் கருவிகள் வேண்டுமென்றால் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் நாட்டுப்புறக் கலை மியூசியம் மானசகங்கோத்ரியில், ஜெயலட்சுமி விலாஸ் மாளிகையில் இருக்கிறது. 1968-ல் ஏற்பட்டது. கர்நாடகத்துக் கிராம மக்கள் புழங்கிய சாமான்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உருவங்களைப் பார்த்து மனதில் வாங்கிக் கொள்ளலாம். படம் எடுக்கவோ அளக்கவோ வேண்டுமானால் அதிகாரிகளிடம் எழுதிக் கேட்பதுதான் முறை.

ஒரு எச்சரிக்கை. அண்மையில் வந்த புது மாதிரிக் கருவியை, அதன் விசேஷமான உருவத்தோடு அளந்து அதே போலப் பொருள் செய்து விற்கக் கூடாது. 2000-ம் வருஷத்து டிசைன் சட்டப்படி பதிவு செய்த உருவத்துக்கு 10 வருஷமும், புதுப்பித்தால் மேலும் 5 வருஷமும் பாதுகாப்பு உண்டு. தாத்தா காலத்து இழைப்புளிக்கு அந்தப் பயம் இல்லை.

<b>விற்பவர் பக்கம் வந்தால்</b>

சொந்தமாகச் செய்த மாடல் கையில் இருந்தால் கதை திரும்புகிறது. இனி உரிமம் கேட்பவர் அல்ல, கொடுப்பவர். அதைச் சந்தையில் போட்டு உலகத்துக்கு விற்கலாம். இங்கேயும் சட்டம் தெரிந்திருப்பது நல்லது. மாதச் சம்பளத்துக்கு ஒரு கம்பெனியில் இருந்து கொண்டு அந்த வேலையாகச் செய்தால் மாடல் கம்பெனிக்குச் சொந்தம். வெளியே இருந்து ஆர்டர் எடுத்துச் செய்தால், எழுதிக் கொடுத்தாலொழிய, பொதுவாகச் செய்தவருக்கே சொந்தம். எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருஷம் என்று குறிப்பிடா விட்டால் 5 வருஷம் என்றும், எந்த நாடு என்று குறிப்பிடா விட்டால் இந்தியா மட்டும் என்றும் 19-வது பிரிவு வைத்துக் கொள்கிறது. 'சகல உரிமையும், சகல காலத்துக்கும், சகல தேசத்துக்கும்' என்று அச்சடித்த காகிதத்தில் அவசரமாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்தப் பிரிவு கொடுக்கும் சலுகையை இழந்து விடுகிறார்கள். விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசலாம்.

ஆர்டர் எதுவானாலும் அதற்கு ஒரு ஃபோல்டர் தனியாக இருக்கட்டும். டவுன்லோடு செய்த அன்றைக்கே உரிமப் பக்கத்தைத் தேதியோடு பி.டி.எஃப். ஆக்கி அதில் போட வேண்டும். காசு கொடுத்தது என்றால் ரசீதும் கூடவே. மாடல் போட்டவர் நாளைக்கு மனம் மாறி 'என்.சி.' என்று திருத்தினாலும், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் முன்பே எடுத்தவருக்குக் கிடைத்த உரிமை போகாது. ஆனால் முன்பே எடுத்தேன் என்று காட்ட அந்த ஒரு பக்கம் வேண்டும். நீங்களே அளந்து செய்ததானால் வெர்னியரோடு கருவி இருக்கும் போட்டோவும், அளவு குறித்த காகிதமும் அதே ஃபோல்டரில் இருக்க வேண்டும். கம்பெனிக்காரர் காகிதத்தை நீட்டும்போது, பேனாவை எடுப்பதற்கு முன்னால் இந்த ஃபோல்டரைத் திறந்து ஒரு முறை பார்த்துக் கொண்டால் போதும்.